மதுரையில் கிறிஸ்துமஸ் பார்ப்பது எப்படி? விளாச்சேரிச் சூளையிலிருந்து குடில் வரை

டிசம்பர் பிறந்தால் போதும், மதுரைக்கு மாற்றலாகி வந்திருக்கும் குடும்பங்கள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இங்க கிறிஸ்துமஸ் லைட்டெல்லாம் எந்தப் பக்கம் நல்லா இருக்கும்?" எங்கள் தெருவில் வருடத்துக்கு ஒரு வீட்டுக்காவது வழி சொல்லி அனுப்புகிறேன். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மாலுக்குப் போய், பெரிய மரத்துக்கு முன்னால் நின்று ஒரு போட்டோ எடுத்துவிட்டு அரை மணி நேரத்தில் வீடு திரும்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. இந்த ஊரில் பார்க்க அவ்வளவு இருக்கிறது.

ஷோகேஸை ஜோடித்துக் கூட்டத்தை நிறுத்துவது மேல்நாட்டுப் பெருநகரங்களின் வழக்கம். நியூயார்க்கில் மேசிஸ் கடைக்காரர்கள் 1874-லேயே கண்ணாடிக்குப் பின்னால் பீங்கான் பொம்மைகளை அடுக்கி வைத்து ஊரைக் கூட்டினார்கள். லண்டன் ரீஜென்ட் தெருவின் விளக்கு அலங்காரம் 1954-இல் தொடங்கியது. அங்கெல்லாம் கிறிஸ்துமஸ் பார்ப்பதென்றால் கடைத்தெருவில் நடப்பது. மதுரையிலும் கடைத்தெரு உண்டு, மால் உண்டு, அவற்றுக்கும் வழி சொல்கிறேன். ஆனால் இந்த ஊர்க்காரர்கள் தங்கள் கைத்திறமை முழுவதையும் கொட்டுவது குடிலில்தான். மாட்டுத்தொழுவத்தில் பாலன் இயேசு பிறந்த காட்சியைப் பொம்மைகளால் அமைப்பதைத்தான் குடில் என்கிறோம். மதுரையில் கிறிஸ்துமஸ் பார்க்க நினைப்பவர்கள் குடிலைப் பின்தொடர்ந்து போனால் போதும், ஊரின் மற்ற அழகெல்லாம் வழியிலேயே கண்ணில் படும்.

நாள் பார்த்துக் கிளம்புங்கள்

டிசம்பர் 1-ஆம் தேதியே வீட்டு வாசல்களில் ஸ்டார் ஏறிவிடும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட திருவருகைக் காலமும் அதை ஒட்டித்தான் தொடங்கும். கிறிஸ்தவக் கோயில்களில் பீடத்துக்குப் பக்கத்தில் பச்சை வளையத்தில் நான்கு மெழுகுவர்த்திகள் நிற்பதைப் பார்க்கலாம். வாரத்துக்கு ஒன்றாக ஏற்றுவார்கள். மூன்று ஊதா நிறம், ஒன்று மட்டும் இளஞ்சிவப்பு. அது மூன்றாம் ஞாயிற்றுக்கு உரியது.

குடில் வேலை நிதானமாகத்தான் நடக்கும். பெரும்பாலான இடங்களில் 23, 24 தேதிகளில்தான் முடியும். 24-ஆம் தேதி இரவு எல்லா விளக்கும் எரியும், ஊரே வெளியே இருக்கும். அந்த இரவின் அழகே தனி. ஆனால் சின்னப் பிள்ளைகளோடு ஒரு குடிலின் முன் பத்து நிமிடம் நின்று பார்க்க முடியாது, பின்னால் இருப்பவர்கள் தள்ளிக்கொண்டே இருப்பார்கள். என்னைக் கேட்டால் 26 முதல் 30 வரை உள்ள மாலைகள்தான் சரியான நேரம். அலங்காரம் அப்படியே இருக்கும், கூட்டம் பாதியாகிவிடும்.

இன்னும் மூன்று விஷயங்கள். டிசம்பர் முதல் பாதியில் வடகிழக்குப் பருவமழை மிச்சமிருக்கும், குடை வேண்டும். அரையாண்டுத் தேர்வு முடிந்த மறுநாளிலிருந்து ஊருக்குள் பிள்ளைகள் கூட்டம். மூன்றாவது, ஐயப்ப பக்தர்கள். சபரிமலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் மீனாட்சியம்மன் கோயிலுக்கு வருபவர்களால் மாசி வீதிகள் வரை வேன்கள் நிற்கும். அதனால் ஊருக்குள் காரை எடுத்துப் போகாதீர்கள். பெரியார் பேருந்து நிலையம் வரை பஸ்ஸிலோ ஆட்டோவிலோ வந்துவிட்டு அங்கிருந்து நடப்பதுதான் நல்லது.

முதலில் விளாச்சேரி

எல்லோரும் மாதா கோயிலில் தொடங்குவார்கள். நான் சூளையில் தொடங்கச் சொல்வேன். பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து திருப்பரங்குன்றம் சாலையில் பசுமலை பக்கம் வந்து உள்ளே திரும்பினால் விளாச்சேரி. தலைமுறை தலைமுறையாக மண்பாண்டமும் பொம்மையும் செய்யும் குடும்பங்கள் வாழும் ஊர். விநாயகர் சதுர்த்திக்குப் பிள்ளையார், நவராத்திரிக்குக் கொலு பொம்மை, அது முடிந்த கையோடு கிறிஸ்துமஸுக்குக் குடில் பொம்மை என்று வருடம் முழுக்க வேலை சுழன்றுகொண்டே இருக்கும். இங்கே செய்த குடில் பொம்மைகள் கேரளாவுக்கும் மற்ற மாநிலங்களுக்கும் போகின்றன.

போக வேண்டியது நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் நடு வரை. அதற்கு மேல் போனால் சரக்கு பெரும்பாலும் ஏறிப்போயிருக்கும். காலையில் போங்கள், வெயில் ஏறியதும் வாசலில் பொம்மைகளைக் காய வைத்திருப்பார்கள். தெருவுக்குள் நுழைந்ததும் கடை எங்கே என்று தேட வேண்டியதில்லை. வீடுதான் பட்டறை, திண்ணைதான் கடை. "அக்கா, குடில் செட்டு பார்க்கலாமா?" என்று கேட்டால் கையைக் கழுவிக்கொண்டு வந்து காட்டுவார்கள். வாங்கினாலும் வாங்காவிட்டாலும் வேலையை நின்று பார்ப்பதற்கு யாரும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. படம் எடுப்பதற்கு மட்டும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

போன முறை நான் போனபோது ஒரு பலகை நிறைய சூசையப்பர்கள், அதாவது மாதாவின் கணவர் யோசேப்பின் பொம்மைகள், நின்றிருந்தார்கள். முப்பது நாற்பது இருக்கும். அங்கி தவிட்டு நிறம், தாடி கறுப்பு, கைத்தடி வரை எல்லாம் முடிந்திருந்தது. கண் மட்டும் இல்லை. ஒரு பெரியம்மா தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தார். பிரஷ் என்று சொல்ல முடியாது, நுனியில் நாலைந்து மயிர்தான் இருந்தது. முதலில் மேல் இமைக்கு ஒரு வளைவு, அப்புறம் நடுவில் ஒரு புள்ளி, கடைசியாகப் புருவம். மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு கண்ணையும் எழுதிவிட்டுத்தான் மூச்சை விட்டார். பொம்மையைத் தள்ளிப் பிடித்து ஒரு தடவை பார்த்தார். சூசையப்பர் கீழே எதையோ பார்க்கிற மாதிரி இருந்தது.

"ஏன்மா, கீழ பாக்குறாரு?"

"பிள்ளை கீழதானய்யா படுத்திருக்கு."

அன்றிலிருந்து எந்தக் குடிலைப் பார்த்தாலும் பொம்மைகளின் கண் எங்கே பார்க்கிறது என்றுதான் முதலில் கவனிக்கிறேன். நல்ல செட்டில் மாதாவும் சூசையப்பரும் இடையர்களும் ஒரே இடத்தைப் பார்ப்பார்கள். அவசரத்தில் செய்த செட்டில் ஆளுக்கொரு திசை. வாங்கும்போது நீங்களும் எல்லாவற்றையும் குடிலில் நிற்கும் வரிசையில் தரையில் வைத்து, குனிந்து பாருங்கள்.

வாங்குவதாக இருந்தால் என்ன பொருளில் செய்தது என்று கேளுங்கள். களிமண், காகிதக்கூழ், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்று மூன்று வகை உண்டு. மண் பொம்மையை இரண்டு பாதியாக அச்சில் எடுத்து ஒட்டி, நிழலில் காய வைத்து, சூளையில் சுட்டு, வெள்ளை பூசி, அதன் மேல் வண்ணம் கொடுக்கிறார்கள். விரல் நகத்தால் சுண்டினால் நன்றாக வெந்த பொம்மை ணங்கென்று சொல்லும். வேகாதது மந்தமாக ஒலிக்கும். பக்கவாட்டில் ஒட்டு ஓடிய இடத்தைத் தடவிப் பாருங்கள், அங்கே விரிசல் இருந்தால் வேண்டாம். காகிதக்கூழ் பொம்மை எடை குறைவு, வெளியூர் கொண்டு போகிறவர்களுக்கு ஏற்றது, தண்ணீர் மட்டும் படக்கூடாது. பிளாஸ்டரில் முகம் வழவழப்பாக வரும், கீழே விழுந்தால் தேறாது. எனக்கு மண் பொம்மைதான் பிடிக்கும். முகத்தில் சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கும், ஒரு இடையனைப் போல இன்னொரு இடையன் இருக்க மாட்டான்.

செட்டு என்றால் பாலன் இயேசு, மாதா, சூசையப்பர், மூன்று ராஜாக்கள், இடையர்கள், சம்மனசு (வானதூதர்), மாடு, கழுதை, ஆடுகள், ஒட்டகம். உயரத்தை இஞ்ச் கணக்கில் சொல்வார்கள். வீட்டுக்கு 6 இஞ்ச் செட்டு போதும். ஒரு முறை செட்டு முழுவதையும் ஒரே பையில் போட்டு வண்டியில் மாட்டிக்கொண்டு வந்ததில் சம்மனசின் இறக்கை ஒடிந்துவிட்டது. இப்போதெல்லாம் ஒவ்வொன்றையும் வைக்கோலில் சுற்றித் தரச் சொல்லி, அட்டைப்பெட்டியில் வாங்கி மடியில் வைத்துக்கொண்டுதான் வருகிறேன். அந்த வைக்கோல் அப்படியே குடிலுக்கும் ஆகும்.

விளாச்சேரி வரை போக நேரமில்லாதவர்கள் மேலவெளி வீதியில் உள்ள பூம்புகார் கைவினைப்பொருள் கடையில் கேட்டுப் பார்க்கலாம்.

மாலை நடை: விளக்குத்தூணிலிருந்து கீழவெளி வீதி

டிசம்பர் கடைசியில் மதுரையில் ஆறு மணியை ஒட்டிச் சூரியன் மறைகிறது. ஐந்தே முக்காலுக்கு விளக்குத்தூணில் நில்லுங்கள். கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக வைத்த தூண் அது. பழைய கோட்டைச் சுவரை இடித்து ஊரை விரித்தவர் அவர். சுவர் இருந்த இடத்தில்தான் இன்றைய வெளி வீதிகள் ஓடுகின்றன. அந்தப் பழைய சுவர் ஓடிய இடத்தை நோக்கித்தான் இப்போது நடக்கப் போகிறோம்.

ஏன் இந்த நேரம் என்றால், வானம் முழுக்க இருட்டாமல் நீலமாக இருக்கும்போதுதான் விளக்கும் தெரியும், கட்டடமும் தெரியும். ஏழு மணிக்கு மேல் விளக்கு மட்டும் தனியாகத் தொங்குவதுபோல் இருக்கும். இந்த அரை மணி நேரத்தை மட்டும் வீணாக்கிவிடாதீர்கள். ஜிகர்தண்டா குடிப்பதானால் ஐந்தே காலுக்கே வந்து குடித்து முடித்துவிடுங்கள்.

மாசி வீதிகளின் ஜவுளிக் கடைகளில் ஷோகேஸ் பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. முதலில் எதிர்ச்சாரிக்குப் போய்விடுங்கள். அங்கிருந்து பார்த்தால்தான் அலங்கரித்தவர் மனதில் இருந்த மொத்தப் படமும் தெரியும். அப்புறம் தெருவைக் கடந்து கண்ணாடிக்கு அருகே வந்து சின்னச் சின்ன வேலைகளைப் பாருங்கள். மதுரை ஷோகேஸில் எனக்குப் பிடித்தது, எதையும் எடுத்துப் போடாமல் சேர்த்துக்கொண்டே போவது. பட்டுப்புடவை கட்டிய பொம்மைக்குப் பக்கத்தில் பனி மரம், அதற்குப் பின்னால் கிறிஸ்துமஸ் தாத்தா, கல்லாவுக்கு மேல் எப்போதும் எரியும் மீனாட்சி படத்து விளக்கு, அதே ஆணியில் ஸ்டார். மார்கழியும் டிசம்பரும் ஒரே கண்ணாடிக்குள் இருக்கும். பஞ்சை உருட்டி நூலில் கோத்துத் தொங்கவிட்ட பனியை உற்றுப் பாருங்கள். பனியே விழாத ஊரில் அதைப் பனியாக நம்ப வைக்க யாரோ ஒரு கடைப் பையன் ஏணியில் ஏறி ராத்திரி முழுக்கக் கட்டியிருப்பான்.

போட்டோ எடுக்க ஒரு வழி. கண்ணாடியில் தெருவிளக்கும் உங்கள் சட்டையும் பிரதிபலித்துப் படத்தைக் கெடுக்கும். போனைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்து எடுத்தால் பிரதிபலிப்பு போய்விடும். அதற்கு முன் லென்ஸைத் துணியால் துடைத்துவிடுங்கள். விரல் எண்ணெய் இருந்தால் ஒவ்வொரு பல்பும் தாடி முளைத்ததுபோல் வரும். திரையில் வெளிச்சம் அதிகமுள்ள இடத்தைத் தொட்டால் படம் கொஞ்சம் இருண்டு, விளக்கின் நிறம் சரியாக வரும். அணைந்து அணைந்து எரியும் சீரியல் செட்டுக்கு வீடியோதான் சரி.

விளக்குத்தூணிலிருந்து தெற்கே பத்துத்தூண், திருமலை நாயக்கர் மகால் வழியாக இறங்கி, கிழக்கே திரும்பினால் கீழவெளி வீதி. குழந்தைகளோடு மெதுவாக நடந்தாலும் அரை மணிக்குள் வந்துவிடலாம். மகால் தாண்டிய பிறகு தலையை நிமிர்த்திக்கொண்டே வாருங்கள். பேராலயத்தின் இரண்டு மணிக்கோபுரங்களும் வீட்டு மாடிகளுக்கு இடையில் தெரிந்து மறைந்து தெரியும்.

பேராலயத்தில்

கீழவெளி வீதியில் இருக்கும் தூய மரியன்னை பேராலயம் மதுரை உயர்மறைமாவட்டத்தின் தலைமைக் கோயில். கோபுரங்களின் விளிம்பு முழுக்க விளக்குச் சரம் ஓடும் நாட்களில் வீதியைக் கடந்து எதிர்ப்பக்கம் நின்றால்தான் முழுதாகப் பார்க்க முடியும். வண்டிகள் வேகமாக வரும், பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

உள்ளே யார் வேண்டுமானாலும் போகலாம். வாசலில் செருப்புகள் கிடந்தால் நீங்களும் கழற்றுங்கள், இல்லாவிட்டால் அப்படியே போகலாம். பூசை நடக்கும்போது குடிலுக்கு நேராக நடக்காமல் பின்வரிசையில் உட்கார்ந்து முடியும்வரை காத்திருங்கள். 24-ஆம் தேதி நள்ளிரவுத் திருப்பலிக்கு வருவதாக இருந்தால் ஒரு மணி நேரம் முன்னதாக வந்தால்தான் இடம் கிடைக்கும். நற்கருணை அப்பம் வாங்க வரிசை நகரும்போது கத்தோலிக்கர் அல்லாதவர்கள் இடத்திலேயே இருந்துகொள்வதுதான் மரியாதை. யாரும் உங்களைத் தவறாக நினைக்க மாட்டார்கள்.

24-ஆம் தேதி மாலை குடிலைப் பார்த்தால் நடுவில் வைக்கோல் மட்டும் இருக்கும். "என்னப்பா, குழந்தையைக் காணோம்?" என்று என் பையன் ஒரு முறை சத்தமாகவே கேட்டுவிட்டான். நள்ளிரவுப் பூசையில் வானவர் கீதம் பாடும் நேரத்தில்தான் பாலனைக் கொண்டுவந்து கிடத்துவார்கள். மணிகள் எல்லாம் ஒன்றாக அடிக்கும். அந்த வெறும் வைக்கோலை மாலையில் பார்த்துவிட்டு வந்து, மறுநாள் காலை பாலனைப் பார்க்கக் கூட்டிப் போனால் பிள்ளைகளுக்குக் கதை தானாகப் புரிந்துவிடும்.

குடிலைப் பார்க்கும்போது இதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். இத்தாலியில் கிரேச்சோ என்ற மலைக்கிராமத்தில் 1223-இல் புனித பிரான்சிஸ் அசிசியார் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து, வைக்கோல் பரப்பி, பாலன் பிறப்பைக் காட்டினார். குடில் வழக்கம் பரவியது அதிலிருந்துதான். நற்செய்தியில் தீவனத் தொட்டி வருகிறது, அந்த இடத்தில் மாடும் கழுதையும் வருவதில்லை. கிழக்கிலிருந்து வந்த ஞானிகள் எத்தனை பேர் என்பதும் சொல்லப்படவில்லை. பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் என்று காணிக்கை மூன்று என்பதால் ஆளும் மூன்று என்று வந்தது.

மதுரைக் குடிலில் இன்னும் பலர் வருவார்கள். கமலைக் கிணறு இருக்கும், ஓலைக் குடிசை இருக்கும், முகம் பார்க்கும் கண்ணாடியைக் கிடத்திச் சுற்றி மணல் போட்ட கண்மாய் இருக்கும், அதில் பிளாஸ்டிக் வாத்து மிதக்கும். பெத்லகேம் எப்படி இருக்கும் என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை. தொழுவம் என்றதும் அவரவர் தாத்தா ஊர்த் தொழுவம்தான் நினைவுக்கு வருகிறது, அதையே கட்டிவிடுகிறார்கள். 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் என்ற ராபர்ட் தெ நோபிலி, இத்தாலியக் குருவாக இருந்தும் காவி கட்டி, தமிழ் படித்து, இந்த ஊர் ஆளாகவே வாழ்ந்து போதித்தார். அந்த ஊரில் குடிலுக்குள் கமலைக் கிணறு இருப்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

வைகைக்கு வடக்கே

இன்னொரு மாலை ஏ.வி. பாலம் தாண்டிப் போகலாம். கோரிப்பாளையத்தில் அமெரிக்கன் கல்லூரியின் செங்கல் கட்டடங்களைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். 1834-இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனின் வழியில் 1881-இல் தொடங்கிய கல்லூரி. உள்ளே போக அனுமதி வேண்டும். கல்லூரிகளில் கேரல் ஆராதனை விடுமுறைக்கு முன்பே, டிசம்பர் முதல் பாதியிலேயே முடிந்துவிடும் என்பதால் தெரிந்த மாணவர்கள் இருந்தால் நவம்பரிலேயே சொல்லி வையுங்கள். நரிமேட்டில் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கதீட்ரல். சீர்திருத்த சபைகளில் குடிலைவிடப் பாட்டுக்குத்தான் முதலிடம். அதனால் அங்கே கண்ணைவிடக் காதைத் திறந்து வையுங்கள். கீத ஆராதனை நடக்கும் நாளை வாசல் பலகையில் எழுதியிருப்பார்கள். அங்கிருந்து சின்ன சொக்கிகுளத்தில் விஷால் டி மால் பக்கம்தான், மரமும் பனியும் அங்கே பார்த்துவிடலாம்.

தெருக்களும் வீடுகளும்

அழகாக இருப்பது இதுதான், வழி சொல்லக் கஷ்டமானதும் இதுதான். ஞானஒளிவுபுரம், அண்ணா நகர் போன்ற பகுதிகளில் உள்தெருக்களில் நடந்து பாருங்கள். மாடிக்கு மாடி ஸ்டார் தொங்கும். காகித ஸ்டாருக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. ஜெர்மனியில் மொரேவிய சபையார் நடத்திய பள்ளியில் 1830-களில் வடிவியல் பாடத்துக்காகச் செய்தது என்று சொல்வார்கள். இன்று நம் தெருவில் ஐந்து முனை, ஏழு முனை, ஓட்டை போட்டு வண்ணத்தாள் ஒட்டியது என்று எத்தனையோ வகை. ஸ்டாரின் நிறத்தைப் பார்க்காதீர்கள், சுவரில் விழும் அதன் நிழலைப் பாருங்கள். காற்றடித்தால் தெரு முழுக்க அது சுழலும்.

எட்டு மணிக்கு மேல் கேரல் ரவுண்ட்ஸ் வரும். சி.எஸ்.ஐ.காரர்கள் கீத பவனி என்பார்கள். கிட்டார், டிரம், முகமூடி போட்ட கிறிஸ்துமஸ் தாத்தா, பின்னால் தெருப்பிள்ளைகள் அத்தனை பேரும். உங்கள் வாசலுக்கும் வரலாம். கதவைச் சாத்தாமல் நின்று கேளுங்கள், மிட்டாய் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், உண்டியல் நீட்டினால் முடிந்ததைப் போடுங்கள். அதே தெருவில் விடிகாலையில் திருப்பாவை கேட்கும், கோலத்தில் பூசணிப்பூ இருக்கும். இரண்டையும் ஒரே நாளில் கேட்க வேண்டும் என்றால் மார்கழி பிறந்த பிறகு, அதாவது டிசம்பர் 16, 17-க்கு மேல் போங்கள்.

வீட்டுக் குடிலைப் பார்க்கத் தயங்கித் திரும்பி வராதீர்கள். வாசலிலேயே கட்டியிருந்தால் நின்று பார்ப்பதற்கு யாரையும் கேட்க வேண்டாம். வரவேற்பறைக்குள் தெரிந்தால், "அக்கா, குடில் நல்லா இருக்கு. பிள்ளைகளுக்குக் காட்டலாமா?" என்று கேளுங்கள். "அதுக்கென்ன, உள்ள வாங்க. ஏன் வாசல்லயே நிக்கிறீங்க" என்றுதான் பதில் வரும். அப்புறம் தட்டில் கேக்கும் முறுக்கும் அதிரசமும் வந்துவிடும். ஒன்றையாவது எடுத்துக்கொள்ளுங்கள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழமோ பிஸ்கட்டோ கொண்டு போனால் உங்களுக்கும் கூச்சம் இருக்காது. யார் கட்டியது என்று கேட்க மறக்காதீர்கள். பெரும்பாலும் ஒரு எட்டாம் வகுப்புப் பையன் முன்னால் வருவான், மலையை எப்படிச் செய்தான் என்று ஒவ்வொன்றாகச் சொல்வான்.

ஒரு பகல் இடைக்காட்டூர்

விடுமுறையில் ஒரு நாள் மிச்சமிருந்தால் இடைக்காட்டூர் போய் வாருங்கள். மதுரையிலிருந்து சுமார் 36 கிலோமீட்டர், சிவகங்கை மாவட்டம். மானாமதுரை சாலையில் திருப்புவனம் தாண்டிப் போக வேண்டும். பஸ்ஸில் போவதானால் இறங்கும் இடத்தை நடத்துநரிடம் ஏறும்போதே சொல்லி வையுங்கள். பிரான்ஸில் ரேம்ஸ் நகரப் பேராலயத்தை மாதிரியாக வைத்து, 1894-இல் பெர்டினான்ட் செல் என்ற பிரெஞ்சுக் குரு கட்டிய திரு இருதய ஆலயம் அங்கே இருக்கிறது. வயல்வெளிக்கு நடுவில் திடீரென்று அது எழும்பி நிற்பதைப் பார்த்தால் பிள்ளைகள் வாயடைத்துப் போவார்கள். இங்கே விளக்கு அலங்காரத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். காலை பத்து மணி வெயில் வண்ணக் கண்ணாடி வழியாகத் தரையில் விழுவதைப் பாருங்கள், அதற்காகத்தான் அங்கே போவது.

உங்கள் வீட்டிலும் ஒன்று

இவ்வளவு பார்த்தபிறகு வீட்டில் ஒரு குடில் வைக்கப் பிள்ளைகள் அடம்பிடிப்பார்கள். வையுங்கள், எந்த மதக்காரராக இருந்தாலும் கொலு வைத்த அதே மேசை போதும். டிசம்பர் 14, 15-க்கு இரண்டு அகலமான தட்டில் மண் போட்டுக் கேழ்வரகு விதைத்துத் தண்ணீர் தெளித்து வாருங்கள். பத்து நாளில் விரல் உயரப் பச்சைப்புல் கிடைக்கும். முளைப்பாரி போட்ட வீட்டுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இருட்டில் வளர்த்தால் மஞ்சளாக வரும், புல்லுக்கு ஜன்னலோரம்தான் நல்லது. காக்கித் தாளைக் கசக்கி விரித்து, கறுப்பும் பச்சையும் தெளித்தால் மலை. சவுக்குக் கிளை ஒன்றை மண்தொட்டியில் நட்டால் கிறிஸ்துமஸ் மரம். நம் ஊரில் அந்தக் காலத்திலிருந்தே சவுக்குதான் மரம். அதன் ஊசியிலையில் விளக்குச் சரம் சுற்றினால் பிளாஸ்டிக் மரத்தில் வராத ஒரு மென்மை வரும்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். ஒரு வருடம் விலை மலிவாகக் கிடைத்ததென்று சீரியல் செட் ஒன்று வாங்கி வந்தேன். மூன்றாம் நாள் ராத்திரி அதன் ஒட்டு சூடாகி, பக்கத்திலிருந்த காகித ஸ்டாரின் ஒரு முனை கருகிவிட்டது. நல்லவேளை விழித்திருந்தோம். அன்றிலிருந்து கடையிலேயே பத்து நிமிடம் எரியவிட்டு, கம்பியையும் பிளக்கையும் தொட்டுப் பார்த்துத்தான் வாங்குகிறேன். ஸ்டாருக்குள் குறைந்த வாட் எல்இடி பல்பு மட்டும் போடுங்கள், பழைய குண்டு பல்பு வேண்டவே வேண்டாம். குடிலின் வைக்கோலுக்கு மேல் விளக்குச் சரத்தைக் கிடத்தாமல் கூரைக்கு மேலே ஓட்டுங்கள். தூங்கப் போகும்போது சுவிட்சை அணைத்துவிடுங்கள். மழை வரும் வாசல் என்றால் பிளாஸ்டிக் ஸ்டார்.

மூன்று ராஜாக்களை முதல் நாளே பாலன் பக்கத்தில் நிறுத்தாதீர்கள். மேசையின் அந்த மூலையில் ஒட்டகத்தோடு நிறுத்திவிட்டு, தினமும் ஒரு சாண் நகர்த்துங்கள். இந்த வேலையைச் சின்னப் பிள்ளையிடம் விட்டால் காலையில் எழுந்ததும் பல் தேய்க்கும் முன்னால் அங்கேதான் ஓடும். ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருவிழா. அன்று பாலனிடம் வந்து சேர வேண்டும். அதையொட்டிக் கோயில் குடில்களையும் ஒரு தடவை போய்ப் பாருங்கள், அதன்பிறகு பிரிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

பொம்மைகளை ஈரத்துணி படாமல் உலர்ந்த துணியால் துடைத்து, பழைய செய்தித்தாளில் சுற்றிப் பரணில் வையுங்கள். ஏதாவது உடைந்திருந்தால் எடுத்துக்கொண்டு விளாச்சேரிக்குப் போங்கள், ஒட்டி வண்ணம் தொட்டுத் தருவார்கள். ஆனால் ஜனவரி முதல் வாரத்துக்குப் பிறகு போகிறவர்கள் கொஞ்சம் பொறுமையாக நிற்க வேண்டியிருக்கும். சூசையப்பர்கள் நின்ற பலகையில் அப்போது பொங்கல் பானைகள் கவிழ்ந்து காய்ந்துகொண்டிருக்கும்.